இல்லை என்று அமுக்கச் சொன்னவர்

கென்யாவும் உகாண்டாவும் சந்திக்கும் புசியா எல்லையில், கென்யா பக்கத்து ஏடிஎம்மின் தகரக் கூரை நண்பகல் வெயிலில் படபடக்கிறது. வரிசையில் எனக்கு முன்னால் நிற்கும் உகாண்டாக்கார வெங்காய வியாபாரி நப்வீரேயின் முகத்தில் திரையின் நீல வெளிச்சம் விழுகிறது. எடுக்கும் கென்யப் பணத்தை உகாண்டா ஷில்லிங்காகத் தானே மாற்றி அவள் கணக்கில் பிடித்துக்கொள்ளட்டுமா, ஆமாவா இல்லையா என்று இயந்திரம் அவளிடம் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறது. சாலையில் அவளுடைய வாடகை லாரி ஹாரன் அடிக்கிறது. "இல்லைன்னு அமுக்குங்கம்மா," என்கிறார் காவலாளி ஒகுமு. அவள் சட்டென்று தோள்துணியை இழுத்துத் திரையை மறைக்கிறாள். "நீ ஏன்யா எட்டிப் பாக்குற?" "பாக்கலம்மா. எல்லார்கிட்டயும் இதையேதான் கேக்குது. ஆமான்னா மிஷின் வெச்சதுதான் விலை, உங்க டீசல் காசு அதுலயே போயிடும். இல்லைன்னா உங்க ஊர் பேங்க் மாத்திக்கும், நஷ்டம் கம்மி." அவள் சாலையோரக் குடையடியில் கமிஷனுக்கு நோட்டு மாற்றுகிறவர்களைப் பார்க்கிறாள். பிறகு அவரைப் பார்க்கிறாள். "சரி, இதுல உனக்கு என்ன வேணும்?" "ஒண்ணும் வேணாம்மா." அந்தப் பதிலில்தான் அவள் முகம் இறுகுகிறது. இந்த எல்லையில் ஒன்றும் வேண்டாம் என்று சொன்னவரை அவள் பார்த்ததே இல்லை. துணிக்கு அடியில் விரல் நகர்ந்து 'ஆமா'வை அமுக்குகிறது. வந்த நோட்டுகளை இடுப்பில் செருகிக்கொண்டு, அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே லாரிக்கு நடக்கிறாள். ஒகுமு தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைக்கிறார். உகாண்டா வங்கி அட்டையோடு நானும் முன்னே வந்ததும் என் பக்கம் குனிந்து, "டீக்கு ஒரு அம்பது ஷில்லிங் குடுங்கண்ணே, ஒரு விஷயம் சொல்றேன்," என்கிறார். அவர் காசு கேட்டுவிட்ட நிம்மதியில் நான் சட்டைப்பைக்குள் கையை விடுகிறேன்.