துரோகி கேட்ட பாட்டு

"பொண்டாட்டிக்குத் துரோகம் பண்ணவன் மன்னிப்புக் கேக்கற பாட்டு. அதான் வேணும்" என்றான் எலூதேரியோ.

எங்கள் மரியாச்சி பாட்டுக் கோஷ்டித் தலைவர் நாசாரியோ அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"அடப்பாவி! கிராசியேலா மாதிரி ஒருத்தியை வீட்டுல வச்சுக்கிட்டா?"

அவன் பணத்தை எடுத்து நீட்டினான்.

ஒரு மாதமாக அவன் தம்பி வீட்டில்தான் படுக்கை. ஏன் என்று யாருக்கும் தெரியாது. தெருவில் ஆளுக்கொன்று பேச ஆரம்பித்திருந்தார்கள்.

எங்கள் ஊரில் இதற்கெல்லாம் விசாரணை கிடையாது. வாசலில் நாங்கள் பாடும் பாட்டுதான் தீர்ப்பு. 'ஏமாத்திட்டியே' என்று பாடினால் அவள் மேல் தப்பு. 'ஏமாத்திட்டேனே' என்று பாடினால் அவன் மேல் தப்பு. அதற்கு மேல் அப்பீல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்து தெருவே வீடு திரும்புகிற நேரம். கிட்டார், டிரம்பெட், என் வயலின். எலூதேரியோ தன் வீட்டு ஜன்னலுக்குக் கீழே மண்டி போட்டான்.

முதல் பாட்டு முடிவதற்குள் கூட்டம் கூடிவிட்டது.

"யாருடா அவ? எந்த ஊர்க்காரி?"

"ரெண்டு புள்ளை பெத்தவன் பண்ற வேலையாடா இது, வெட்கங்கெட்டவனே!"

எதிர்வீட்டு எபிஃபானியா பாத்திரம் கழுவின தண்ணீரை அப்படியே அவன் தலையில் கொட்டினாள். அவன் துடைக்கக்கூட இல்லை. "நிறுத்தாதீங்க, பாடுங்க" என்றான்.

மூன்றாவது பாட்டில் ஜன்னல் திறந்தது. கிராசியேலா அழுது வீங்கின முகத்தோடு நின்றாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள், முடியவில்லை.

"ஐயோ, தங்கமான பொண்ணு! இவனுக்குப் போய் அழறா பாரு!"

பெண்கள் திமுதிமுவென்று உள்ளே போய் அவளைக் கட்டிக்கொண்டார்கள். "நாங்க இருக்கோம்டி, கவலைப்படாதே."

நாசாரியோ தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். "ஜன்னலைத் திறந்தா மன்னிச்சாச்சுன்னு அர்த்தம். போடா, உள்ளே போய் அவ கால்ல விழு."

"இல்லண்ணே. எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சு. வடக்கே, எல்லைப் பக்கம் போறேன். இனிமே வரமாட்டேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சட்டைக் காலரைப் பிடித்துவிட்டேன். "ஏன்டா, மன்னிப்பும் கேட்டுட்டு மறுபடி அந்தச் சிறுக்கிகிட்டயே ஓடறியா?"

"அப்படி ஒருத்தியே கிடையாதுண்ணே."

கையை மெல்ல விலக்கினான். தெருவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"என்னால அவகூட வாழ முடியல, கிளம்பிட்டேன். அவ இதே தெருவுலதானே புள்ளைங்களை வளர்க்கணும்? தப்புப் பண்ணது அவதான்னு தெரிஞ்சா, இவங்க விடுவாங்களா?"