பதினோரு மச்சம்

மாரீஸ்வரிக்கு வந்துச்சு பாருங்க ஒரு எரிச்சல். பத்தாவது முடிச்சு வாங்குன டிசில, அங்க அடையாளம்ங்கிற எடத்துல, ‘இடது முழங்கையில் ஒரு மச்சம்’னு போட்டிருக்கு. அவ முழங்கையத் திருப்பித் திருப்பிப் பாக்குறா, ஒரு புள்ளிகூட இல்ல. பக்கத்துல நின்ன அருள்செல்வன் டிசிலயும் அதே மச்சம். கிளாஸே மொத்தம் பதினோரு பேரு, பதினோரு பேருக்கும் அதே மச்சம். நெசமா மச்சம் இருக்கிறது மொத பெஞ்சு கோமதிக்கு மட்டுந்தான். அவளப் பாத்து எழுதுன வாத்தியாரு மத்தவங்களுக்குத் தலையத் தூக்கவே இல்ல.

“சார், நாளைக்கு பாலிடெக்னிக்ல சேரக் கடைசி நாளு. இத மாத்திக் குடுங்க”ன்னு கிளார்க் ஜெபராஜ்கிட்ட கத்துனா.

அவரு ரிஜிஸ்டர்லருந்து கண்ண எடுக்கல. “மேல எழுதிப் போட்டு வர மூணு மாசம் ஆகும் தாயி. அந்தா, எல்லாரும் பேனாவுல வச்சுக்கிறாங்கல்ல?”

வராண்டாவுல ஒருத்தன் முழங்கைய இன்னொருத்தன் புடிச்சுப் புள்ளி வச்சிக்கிட்டு இருந்தான். “வா மாரி, உனக்குப் பெருசா வைக்கிறேன்”னு அருள்செல்வன் இளிச்சான்.

“அப்ப இது என்ன சார்?” தாடையக் காட்டுனா. எட்டாவதுல இதே ஸ்கூல் இரும்புக் கேட்டு சாஞ்சு கிழிச்ச தழும்பு, ஏழு தையலு, காது வரைக்கும் ஓடுது.

“அது வாத்தியாரு எழுதிக் குடுத்த லிஸ்ட்ல இல்லியேம்மா.”

மாரீஸ்வரி மூடியக் கழட்டிப் பேனாவ அவரு கையிலயே திணிச்சு, முழங்கைய நீட்டுனா. “நீங்களே வைங்க சார். என் மூஞ்சியப் பாத்து வைங்க.”

ஜெபராஜ் தலையத் தூக்குனாரு. பேனாவ அந்தரத்துல புடிச்சபடியே, “இந்தத் தழும்பு எப்ப தாயி வந்துச்சு?”ன்னாரு.