செவிலி ஊசி

கூட்டில் குஞ்சுகளைப் பார்த்துக்கொள்ளும் செவிலித் தேனீக்கு இரவும் பகலும் ஒன்றுதான். அதனிடமிருந்து எடுத்த செவிலி ஊசியைப் போட்டுக்கொண்டவருக்கும் அப்படியே. பிள்ளையின் வாசனை பக்கத்தில் இருக்கும்வரை தூக்கம் வராது, அசதியும் தெரியாது. மகள் பிறந்த அன்றே தவசி முந்திக்கொண்டு கையை நீட்டிவிட்டான். ஒரே ஒரு நிபந்தனை: ஒருமுறை தூங்கினால் ஊசியின் சக்தி முறிந்துவிடும், மறுபடி போட மாட்டார்கள்.

நேற்று மாலை மனைவி பூங்கோதை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காதுகுத்துக்குத் துணி எடுக்கப் போயிருந்தாள். வாசனை விலகியதும் தவசிக்குக் கொட்டாவி வந்தது. பதறிப்போய் அவளுக்குப் போன் செய்தான்.

"சீக்கிரம் வா. நான் தூங்கிட்டா பாப்பா அழுதா யாரு பாக்குறது?"

"ஏங்க, பெத்தவ நான் செத்தா போயிட்டேன்? பேசாமப் படுங்க."

அவன் கண் விழித்தபோது சன்னல் வழியே வெயில் விழுந்துகொண்டிருந்தது.

"பாப்பா அழுதாளா?"

"அழுதா. உங்க குறட்டையக் கேட்டதும் கப்புன்னு நிறுத்திட்டா. நானும் அவளும் இப்பத்தான் முழிச்சோம்."

தொட்டிலில் மகள் சோம்பல் முறித்தாள். தவசிக்குச் சிரிப்பு வந்தது.

"அப்ப காலைக் காப்பி போடட்டுமா?" என்றான். அவனுக்குக் காலை என்று ஒன்று வந்து மாதக்கணக்காகியிருந்தது.