உச்சத் தொகை

தோற்றால் அடுத்த ஆட்டத்தில் இரண்டு மடங்கு வைக்க வேண்டும், எப்படியும் ஒருமுறை ஜெயிப்போம், அந்த ஒரு வெற்றியில் விட்டதெல்லாம் திரும்பிவிடும் என்பது ஆதிமூலத்தின் கணக்கு. வீட்டுக்கு முன்பணமாகச் சேர்த்தது சூதாட்ட விடுதியில் பணத்துக்குப் பதிலாகத் தரும் வில்லைகளாக மாறி, பச்சை மேசையில் ஆட்டத்துக்கு ஆட்டம் இரட்டித்துப் போய்க்கொண்டிருந்தது. அவர் பதறவில்லை. கடைசியாக இருந்ததையெல்லாம் முன்னே தள்ளியபோது, சீட்டுப் போடும் பெண் பாதியைத் திருப்பித் தள்ளிவிட்டு, மேசையோரத்துச் சிறு பலகையைத் தொட்டுக் காட்டினாள். "இந்த மேசையில இதுக்கு மேல வைக்க முடியாது சார்."

"தோக்கறதுக்குமா அளவு வச்சிருக்கீங்க?"

"ஜெயிக்கறதுக்கு சார்" என்று சிரித்தபடி சீட்டைப் போட்டாள். அவர் சீட்டுகளின் கூட்டு சரியாக இருபத்தொன்று வந்தது; ஜெயித்துவிட்டார். பக்கத்திலிருந்தவர்கள் கைதட்டினார்கள். விட்டதில் பாதிதான் திரும்பியிருந்தது.

பின்னால் நின்ற மனைவி குழலி குனிந்து, "ஒரு தடவை ஜெயிச்சா போதும்னீங்களே. ஜெயிச்சாச்சு. எந்திரிங்க" என்றாள்.

சீட்டுப் போடும் பெண் திருப்பித் தள்ளிய வில்லைகள் அவர் உள்ளங்கைக்குள் சூடாக இருந்தன. அவற்றிலிருந்து ஆகக் குறைந்த மதிப்புள்ளதைத் தேடியெடுத்து, பந்தயம் வைக்கும் வட்டத்தின் நடுவில், முதல் ஆட்டத்தில் வைத்ததைப் போலவே மெதுவாக வைத்தார்.