ஒரே வரி ரிப்போர்ட்

"மூவாயிரத்து இருநூறு வரி சார்! தினமும் ஆபீசுக்கு வந்தா இது முகத்துலதான் முழிக்கணும். இப்ப பாருங்க, ஒரே ஒரு வரி!"

மேனேஜர் திரையைத் திருப்பிக் காட்டினார். 'எல்லாச் சோதனைகளும் முடிந்தன. நலம்' என்று பச்சை நிறத்தில் ஒரு வரி மட்டும் இருந்தது.

எதிரே அமர்ந்திருந்தவர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். தலைமை அலுவலகத்திலிருந்து பதினொரு மணிக்கு ஆள் வருவதாகத் தகவல். பத்தரைக்கே வந்துவிட்டார். வந்தவர் வாயைத் திறப்பதற்குள் மேனேஜர் அவரை உட்காரவைத்து, கையில் காபியைத் திணித்து, பேச ஆரம்பித்துவிட்டார். ரிப்போர்ட்டை ஒரு வரியாகச் சுருக்கிய மனுஷருக்குத் தன் வாயை மட்டும் சுருக்கத் தெரியாது.

டெஸ்டர் ஓரமாக நின்றாள். அந்த நிறுவனம் விற்கும் எண் பூட்டுகளின் மென்பொருளைத் தானாகவே சோதித்துப் பார்க்கும் புரோகிராம்கள் எல்லாம் அவள் எழுதியவை. ஆனால் இன்று வருகிறவர் தங்கள் இருவரில் ஒருவரைத்தான் வேலையில் வைத்துக்கொள்வார் என்று மேனேஜர் காலையிலேயே சொல்லியிருந்தார். "அந்த ஒருத்தர் நீ இல்லைன்னு வெச்சுக்கோ" என்று சிரித்தும் வைத்தார். அவள் சம்பளத்தில்தான் தம்பி படித்துக்கொண்டிருந்தான்.

"எந்தெந்த வரியை எடுத்தீங்க?" என்று கேட்டார் வந்தவர்.

"எதை விட்டேன்னு கேளுங்க சார்! 'பூட்டு திறந்தது', 'பூட்டு மூடியது', 'அடுத்த சோதனைக்குப் போகிறேன்'னு ஒரே புலம்பல். தூக்கிக் கடாசிட்டேன். அப்புறம் எச்சரிக்கைன்னு சிவப்புல நாற்பது வரி. அதையும் விடலை."

"எச்சரிக்கையையுமா?"

டெஸ்டருக்குப் பொறுக்கவில்லை. "சார், புலம்பலை எடுத்தது நான். எச்சரிக்கை மட்டும் இருக்கட்டும்னு சொன்னேன். அதுல ஒண்ணு, கரண்ட் போயிட்டு வந்தா எந்த நம்பரை அழுத்தினாலும் பூட்டு திறந்துக்குதுன்னு..."

"நீ சும்மா இரும்மா! பெரியவங்க பேசும்போது நடுவுல என்ன?" என்று மேனேஜர் எகிறினார். வந்தவர் பக்கம் திரும்பியதும் குரல் குழைந்தது. "நாலு மாசமா தினம் அதே வரி சார். தினம் வந்தா அதுக்குப் பேரு எச்சரிக்கையா? நச்சரிப்பு! எடுக்கக் கூடாதுன்னு இவ ஒத்தைக் கால்ல நின்னா. அழாத குறைதான். நான் அசருவேனா? போன மாசம் என் கையாலயே அழிச்சேன். இவளுக்கும் இதுக்கும் துளி சம்பந்தம் இல்லை சார்."

அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மாடாக உழைத்தது அவள், மாலை அவருக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்போ முழுப் பொறுப்பும் உங்களோடதுதான்?"

"நூத்துக்கு நூறு!"

"எழுதிக் கொடுக்க முடியுமா?"

"இதென்ன கேள்வி சார், தாராளமா!"

மேனேஜர் பக்கம் நிறைய எழுதி, பதவியும் செல்போன் எண்ணும் போட்டு, வாலை நீட்டிக் கையெழுத்திட்டார். "மேலிடத்துல சொல்லும்போது என் பேரைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்க சார்."

வந்தவர் தாளைப் படித்து, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு டெஸ்டரைப் பார்த்தார்.

"நீங்க போகலாம்மா."

அவள் தன் பையை எடுத்தாள். அவ்வளவுதான், வேலை போயிற்று.

மேனேஜர் முப்பத்திரண்டு பல்லும் தெரியக் கையை நீட்டினார். வந்தவர் அந்தக் கையைப் பிடித்தார், விடவில்லை.

"போன வாரம் கரண்ட் போயிட்டு வந்த அன்னிக்கு, உங்க பூட்டு போட்ட பதினேழு வீட்டுல திருட்டு. கதவை உடைக்காம எப்படி உள்ள போனான்னு ஸ்டேஷன்ல மண்டையை உடைச்சுக்கிட்டிருந்தோம். வாங்க சார், ஜீப் கீழே நிக்குது."