பத்து மடங்கு

அரிசியைக் கேமராவுக்கு முன்னால் ஆடாமல் நிறுத்துவதே பெரிய பாடாக இருந்தது. கடைசியில் முத்துக்கருப்பன் ஒரு களிமண் உருண்டையில் அதைப் படுக்க வைத்தார்.

எதிரே நாற்காலி நுனியில் சின்னையா. காப்பாரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தவர், ஹெல்மெட்டை மடியிலிருந்து இறக்கவே இல்லை. மகன் விஜயன் லோரியில் அடிபட்டுச் செத்து இன்னும் பதினாறு ஆகவில்லை.

போலீஸ் திருப்பிக் கொடுத்த பொருள்களில் ஒரு சாவிக்கொத்து. அதில் நகமளவு கண்ணாடிக் குப்பி, குப்பிக்குள் எண்ணெயில் ஊறிய ஒற்றை அரிசி. தைப்பூசத்தில் பத்துமலைக் கடைகளில் பெயர் எழுதிக் கொடுப்பார்களே, அது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் சின்னையாவின் கண்ணுக்குக் கோடு கோடாகத்தான் தெரிந்ததாம்.

"பொண்ணு பேராத்தான் இருக்கும் செட்டியாரே. யாருன்னு தெரிஞ்சா கருமாதிக்குக் கூப்பிடலாம். அதுவும் எங்கயோ உக்காந்து அழுதுக்கிட்டுத்தான இருக்கும்?"

முத்துக்கருப்பனின் இந்தப் போட்டோக் கடையைப் பற்றி விஜயன்தான் வீட்டில் சொல்லியிருக்கிறான். வாசல் கண்ணாடிப் பெட்டியில் எறும்பின் முகத்தைப் பூனை முகம் அளவுக்குப் படமெடுத்து மாட்டியிருக்கிறார்கள் என்று. படம் கழுவ மாதம் தவறாமல் பிரிக்ஃபீல்ட்ஸ் வரைக்கும் வருவானாம்.

காப்பாருக்குப் பக்கத்திலேயே இருக்கிற கிள்ளானில் ஸ்டூடியோவுக்கா பஞ்சம்? முத்துக்கருப்பனுக்கு அது அப்போது தோன்றவில்லை.

மாடியில் மனைவி விசாலம் கஞ்சி ஆற்றும் சத்தம் கேட்டது. மகளுக்குச் சில நாளாகக் காய்ச்சல். தொட்டால் உடம்பு சுடவில்லை, ஆனாலும் காய்ச்சல் என்றுதான் வீட்டில் பேச்சு.

அவர் மைக்ராஸ்கோப் லென்ஸ்களை எடுத்தார். யாரோ லேப் ஒன்றை மூடியபோது வாங்கியவை. கேமராவில் பொருத்தும் வளையம் செந்தூல் ரயில் பட்டறையில் கடைந்தது. இரண்டுக்கும் நடுவில் மடிப்பு மடிப்பாக நீளும் கறுப்புத் துருத்தி.

எந்த லென்ஸை மாட்டுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பிலிம் கட்டம் எதற்காகவும் பெரிசாகாது. நாலு மடங்கு மாட்டினால் அரிசி முழுசும் கட்டத்துக்குள் அடங்கும், மூலைகள் மட்டும் கொஞ்சம் இருட்டடிக்கும். பத்து மடங்கு மாட்டினால் ஒரு துண்டுதான் அடங்கும். பளிச்சென்று பெரிசாக, ஆனால் ஒரு துண்டுதான்.

நாலு மடங்கை மாட்டினார்.

இந்த லென்ஸ்களுக்கு மயிரிழை ஆழம்தான் தெளிவு. அரிசியோ உருண்டை. முதலில் மேடான நடு எழுத்துகள் எழுந்து வந்தன. திருகைத் திருப்பினார். அவை மங்க, ஓரத்து எழுத்துகள் தெளிந்தன.

பெயரை முழுசாகப் படித்தார். ஓர் எழுத்தும் அழியவில்லை.

காப்பார் பக்கம் யாரும் பிள்ளைக்கு வைக்கிற பெயரில்லை அது.

வருத்தம் வந்திருக்க வேண்டும். கோபமாவது வந்திருக்க வேண்டும். ஒன்றும் வரவில்லை. பல் பிடுங்கப் போட்ட ஊசி மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

கை மட்டும் தன் வேலையைப் பார்த்தது. நாலு மடங்கைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டது. பத்து மடங்கை மாட்டியது. களிமண்ணை லேசாக நகர்த்தி, பக்கத்து எழுத்துகளைக் கட்டத்துக்கு வெளியே தள்ளியது.

"தெரியுதா செட்டியாரே?"

"நீங்களே பாருங்கண்ணே."

சின்னையா ஹெல்மெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குனிந்தார். கட்டம் முழுக்க ஒரே எழுத்து.

யா.

"மத்ததெல்லாம் அழிஞ்சுபோச்சு. இவ்வளவுதான் மிச்சம்."

சின்னையா கண்ணை எடுக்கவே இல்லை. மகனைப் பார்ப்பது போல அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வித்யாவா இருக்குமோ? சுங்கை வே ஃபேக்டரியில சத்யான்னு ஒரு பொண்ணு அவன்கூட வேலை செஞ்சுச்சு. போய்க் கேட்டுப் பாக்குறேன்லா."

அரிசியைக் குப்பியில் போட்டு மூடிக் கொடுத்தார் முத்துக்கருப்பன். சின்னையா அவருடைய கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ரொம்ப உதவி என்றார்.

மோட்டார் சைக்கிள் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது. கடைக் கதவைச் சாத்திவிட்டு முத்துக்கருப்பன் படியேறினார். பையிலிருந்த லென்ஸ் ஒவ்வொரு படிக்கும் நெஞ்சில் இடித்தது.

மேல் படியில் விசாலம் கிண்ணத்தோடு நின்றிருந்தாள். கஞ்சி அப்படியே ஆடை படிந்து கிடந்தது.

"யாருங்க அது, இவ்வளவு நேரமா?"

"பாஸ்போர்ட் படம் எடுக்க வந்தவரு."

சாத்தியிருந்த அறைக்கதவைப் பார்த்தார்.

"உமையாள் ஏதாவது சாப்பிட்டாளா?" என்றார்.