இரண்டு ஈரச் செங்கற்கள்

கொல்லையில் குளிர்காயக் கணப்புக் குழி வேண்டும் என்று கேட்டது அம்மாதான். அம்மா பிடித்தால் பிடித்ததுதான். சுவரிலிருந்து பத்தடி தள்ளி, ஒரு முழ ஆழத்துக்கு வெட்டி, அடியில் ஜல்லி பரப்பினோம். சுற்றிலும் வைக்கப் பதினெட்டு செங்கற்கள். கொத்தனார் ஒவ்வொன்றையும் தட்டி, காது கொடுத்துக் கேட்டு அடுக்கினார்.

"ஈரக் கல்லு மட்டும் ஆகாது தம்பி. சூடு ஏறுனா வெடிச்சு மூஞ்சியில அடிக்கும்."

அன்று சாயங்காலமே மூட்டினோம். நெருப்பு நன்றாகப் பிடித்த பிறகும், அம்மாவுக்கு நேர் எதிரே இருந்த இரண்டு செங்கற்கள் மட்டும் நனைந்திருந்தன. மறுநாள் கொத்தனார் அவற்றைப் பெயர்த்துவிட்டு, வெயிலில் காய்ந்த வேறு இரண்டை வைத்தார். சாயங்காலம் நெருப்பு மூட்டியதும் அவையும் நனைந்தன.

அவர் விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார்.

"மழையும் இல்ல, குழாயும் இல்ல. ஏரிப் பாசி வாடை அடிக்குதே!"

அவர் ஊருக்குப் புதிது. மூன்று வருஷத்துக்கு முன் என் தம்பி ஏரியில் மூழ்கியதும், இன்றுவரை கிடைக்காததும் அவருக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் அம்மா தம்பியின் நாற்காலியைத் தூக்கி வந்து அந்தச் செங்கற்களுக்குப் பின்னால் போட்டாள்.

"தள்ளி உக்காரும்மா, கல்லு வெடிக்கப் போகுது."

"அவனுக்குக் காலு சில்லிட்டுப் போயிருக்கு. நீ விறகைப் போடு."

போட்டேன். சற்று நேரத்தில் ஈரச் செங்கல் ஒன்று டப்பென்று வெடித்தது. நான் துள்ளி எழுந்தேன். அம்மா அசையவில்லை. எதிரே இருந்த காலி நாற்காலி மட்டும் ஓரடி பின்னால் நகர்ந்தது.